சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலானபோது: ஒரு விடுமுறைப் படத்தின் கறுப்பு வெள்ளை மாற்றம் குறித்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

குடும்பத்துடன் ஒரு மலை ஏரிக்கு விடுமுறைக்குச் சென்று வந்த ஒருவர், அங்கே தாம் எடுத்த படம் ஒன்றைக் கறுப்பு வெள்ளையாக மாற்றி வீட்டுச் சுவரில் மாட்ட விரும்பினார். அந்தச் சுவரில் ஏற்கனவே மூன்று குடும்பப் படங்கள் இருந்தன. மூன்றும் படச்சுருள் காலத்துக் கறுப்பு வெள்ளைப் படங்கள் என்பதால், அவற்றின் பக்கத்தில் வண்ணப் படம் ஒட்டாது என்று அவர் கருதினார். சரியான காரணம்தான். வண்ணம் நன்றாக வராத படத்தைக் காப்பாற்றுவதற்காகக் கறுப்பு வெள்ளையை நாடுபவர்கள் பலர். இவருடைய வண்ணப் படத்தில் அப்படி ஒரு குறையும் இல்லை.

படத்தின் முன்பகுதி முழுவதும் புல்சரிவு. இடப்பக்கத்தில் ஒரு பாறைமேல் அவருடைய தாய் அமர்ந்து வலது கையை முன்னால் நீட்டியிருக்கிறார். வலப்பக்கத்திலிருந்து ஆறு வயது மகள், சிவப்பு ஸ்வெட்டர் அணிந்தவளாய், அந்தக் கையை நோக்கி ஓடி வருகிறாள். பின்னால் ஏரி, அதற்கும் பின்னால் மூட்டம் படிந்த மலைகள், மேலே வெண்மேகங்களுடன் நீல வானம். காலை பத்தரை மணி வெயில் பக்கவாட்டில் விழுந்திருந்தது.

படங்களை அச்சுக்குத் தயார் செய்வது என் தொழில். அவர் என்னிடம் வந்தபோது தாமே செய்து பார்த்த இரண்டு முயற்சிகளையும் கொண்டு வந்தார். முதலாவதில் வண்ணச் செறிவைப் பூச்சியத்துக்கு இறக்கியிருந்தார். படம் சப்பென்று ஆகிவிட்டதால் இரண்டாவதில் கான்ட்ராஸ்ட்டை, அதாவது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வேறுபாட்டை, இரண்டு முறை ஏற்றியிருந்தார். "முதல் படத்தில் உயிரில்லை, இரண்டாவதில் உயிரும் இல்லை, மேகமும் இல்லை" என்றார். அவர் சொன்னது துல்லியமான கணிப்பு. மேகங்களின் வெளிச்சப் பகுதிகள் விவரமற்ற வெள்ளையாகியிருந்தன. பாறையின் நிழல் அடைத்த கறுப்பாகியிருந்தது. ஆனால் படத்தின் நடுவில் இருந்த கோளாறு அப்படியே இருந்தது.

அளந்தபோது தெரிந்தது

கண்ணால் பார்த்தபோது முதலில் உறுத்தியது குழந்தை. வண்ணப் படத்தில் யாருடைய கண்ணும் முதலில் போய் நிற்கும் அந்தச் சிவப்பு ஸ்வெட்டர், கறுப்பு வெள்ளையில் புல்லுக்குள் கரைந்து போயிருந்தது. உடல் காணாமல் முகமும் கால்களும் மட்டும் சரிவின்மேல் மிதப்பதுபோல் இருந்தது.

வண்ணக் கோப்பு ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று எண்களாக வைத்திருக்கும். அதில் ஸ்வெட்டரின் நடுப்பகுதியை அளந்தேன்: சிவப்பு 172, பச்சை 38, நீலம் 44. அதை ஒட்டிய புல்லில் சிவப்பு 112, பச்சை 132, நீலம் 66. அவர் பயன்படுத்திய மென்பொருள், செறிவை நீக்கும்போது மூன்று எண்களில் பெரியதையும் சிறியதையும் கூட்டிப் பாதியாக்கும் முறையைப் பின்பற்றுகிறது. அந்தக் கணக்கின்படி ஸ்வெட்டர் 105 ஆகிறது, புல் 99 ஆகிறது. 0 முதல் 255 வரையிலான அளவுகோலில் 6 என்பது, புல்லின் இழையமைப்புக்குள்ளேயே மறைந்துவிடும் வேறுபாடு. இந்த முறையில் தூய சிவப்பு, தூய பச்சை, தூய நீலம் மூன்றுமே ஒரே நடுச் சாம்பலாகத்தான் மாறும் என்பதை எண்ணிப் பார்த்தால், விடுமுறைப் படங்கள் இவ்வளவு எளிதில் சாரமிழப்பது ஏன் என்பது விளங்கும். அவற்றின் அழகு பெரும்பாலும் நிறத்துக்கும் நிறத்துக்கும் உள்ள வேறுபாட்டில் இருக்கிறது. வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வேறுபாட்டில் அவ்வளவாக இருப்பதில்லை.

கான்ட்ராஸ்ட்டை ஏற்றியது ஏன் பயன் தரவில்லை என்பதும் இதிலிருந்தே தெரிகிறது. கான்ட்ராஸ்ட், இருக்கிற வேறுபாட்டைத்தான் பெரிதாக்கும். ஆறை இரு மடங்காக்கினால் பன்னிரண்டு. அதற்குள் மேகமும் நிழலும் விளிம்பைத் தாண்டி விழுந்துவிடுகின்றன. சரிசெய்ய வேண்டிய இடம், வண்ணம் சாம்பலாக மாறும் அந்தக் கட்டமே என்று அவரிடம் விளக்கினேன்.

முதல் முயற்சியும் அது முறிந்த இடமும்

நம் கண் பச்சையை அதிக ஒளியாகவும் நீலத்தைக் குறைந்த ஒளியாகவும் உணர்கிறது. இதைக் கருத்தில் கொண்ட பழைய தொலைக்காட்சித் தரம் ஒன்று சிவப்புக்கு 0.299, பச்சைக்கு 0.587, நீலத்துக்கு 0.114 என்று எடை கொடுக்கிறது. மூன்று எண்களையும் அந்த எடைகளால் பெருக்கிக் கூட்டி மட்டும் பார்த்தேன். ஸ்வெட்டர் 79 ஆனது, புல் 118 ஆனது. வேறு எதையும் தொடாமலே குழந்தைக்கு உடல் திரும்பி வந்தது. படத்துக்குச் சொந்தக்காரர் அப்போதே நிம்மதியடைந்துவிட்டார். நான்தான் அங்கே நிறுத்தவில்லை.

வானம் வெளிறி இருந்தது. கறுப்பு வெள்ளைப் படச்சுருளில் வேலை செய்தவர்கள் இதற்காக லென்ஸின் முன் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு வடிகட்டிகளை மாட்டினார்கள். சிவப்புக் கண்ணாடி நீல ஒளியைத் தடுப்பதால் வானம் கறுத்து மேகம் எழுந்து நிற்கும். 1927இல் அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ், யோசெமிட்டிப் பள்ளத்தாக்கின் ஹாஃப் டோம் பாறை முகப்பை முதலில் மஞ்சள் வடிகட்டியுடன் எடுத்து, வானம் தாம் உணர்ந்த அளவுக்கு இருளாக வராது என்று உணர்ந்து, கையில் எஞ்சியிருந்த கடைசிக் கண்ணாடித் தகட்டை அடர்சிவப்பு வடிகட்டியுடன் பதிவு செய்தார். இன்று அந்தத் தேர்வைப் படமெடுத்த பிறகும் செய்யலாம். படத்திருத்த மென்பொருள்களான லைட்ரூமில் எட்டு நிறங்களுக்கும், ஃபோட்டோஷாப்பில் ஆறு நிறங்களுக்கும் தனித்தனி ஸ்லைடர் (இடமும் வலமும் நகர்த்தும் கட்டுப்பாடு) உண்டு. எந்த நிறம் எவ்வளவு வெளிச்சமான சாம்பலாக வேண்டும் என்பதை அவற்றால் தீர்மானிக்கிறோம்.

நான் நீல ஸ்லைடரை வெகுவாக இறக்கினேன். திரையில் சிறிதாகப் பார்த்தபோது வானம் கம்பீரமாக இருந்தது. நூறு சதவீத அளவுக்குப் பெரிதாக்கியதும் மூன்று குறைகள் தெரிந்தன. வானம் சீராக இல்லாமல் சதுரம் சதுரமாகத் திட்டுத் திட்டாக இருந்தது. மலைமுகட்டை ஒட்டி மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று ஓடியது. மேலிருந்து கீழாக வானம் வெளிறும் பகுதியில் படிக்கட்டுபோல் பட்டைகள் விழுந்திருந்தன.

காரணம் கோப்பில் இருந்தது. எனக்கு வந்தது, செய்திச் செயலி வழியாக அனுப்பப்பட்டு 1600 × 1067 பிக்சலாகச் சுருங்கிய ஜேபெக் கோப்பு. ஜேபெக் சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றுக்கும் 256 படிநிலைகளை மட்டுமே வைத்திருக்கும்; அதோடு பெரும்பாலான வேளைகளில் வெளிச்ச விவரத்தை முழுமையாகவும் நிற விவரத்தை நீளத்திலும் அகலத்திலும் பாதியாகவும் சேமிக்கும். வண்ணமாகப் பார்க்கும் கண்ணுக்கு அது தெரியாது. ஆனால் நிறத்தை அளவுகோலாக வைத்து வெளிச்சத்தை மாற்றும்போது, அந்தக் கரடுமுரடான நிற விவரம் வெளிச்சத்தின்மேல் அச்சாகப் பதிகிறது. முகட்டில் ஓடிய வெள்ளைக் கோடும் இவ்வகைதான்: மலையும் வானமும் கலந்த விளிம்பு பிக்சல்கள் போதிய நீலமாக இல்லாததால், வானம் இறங்கும்போது அவை மட்டும் இறங்காமல் நின்றுவிட்டன. அவர் கேட்டிருந்த 12 × 8 அங்குல அச்சுக்கு இந்தக் கோப்பு அங்குலத்துக்கு 133 பிக்சல்தான் தரும் என்பதும் தனிக் குறை.

கோப்பைப் பற்றி முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் இரண்டு மணி நேரம் உழைத்தேன்.

மூலக்கோப்பும் ஒரு கேள்வியும்

"கேமராவின் மெமரி கார்டில் இருந்ததை அழித்துவிட்டீர்களா?" என்று கேட்டதற்கு, அழிக்கவில்லை, ஆனால் அதில் திறக்க முடியாத கோப்புகளும் இருக்கின்றன என்றார். அவர் திறக்க முடியாது என்று ஒதுக்கியிருந்தவை ரா கோப்புகள், அதாவது கேமரா பதிந்த தகவலைப் பதப்படுத்தாமல் வைத்திருப்பவை. 6000 × 4000 பிக்சல், 14 பிட். அதாவது ஒவ்வொரு பிக்சலிலும் 16,384 படிநிலைகள்.

மூலக்கோப்பை வாங்க நேரில் சந்தித்தபோதுதான், முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய இன்னொரு கேள்வியையும் கேட்டேன்: இந்தப் படத்தில் உங்களுக்கு முக்கியமானது எது? ஸ்வெட்டர் என்றோ மகள் என்றோ சொல்வார் என்று நினைத்திருந்தேன். அவர் படத்தின் இடது கீழ்ப்பகுதியில் விரலை வைத்து, "அம்மாவின் கைத்தடி" என்றார்.

நான் அதைப் பார்க்கவே இல்லை. பாறைக்கு அருகே புல்லில் ஒரு பழுப்பு நிற ஊன்றுகோல் கிடந்தது. முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அவருடைய தாய் வெளியூர் சென்ற முதல் பயணம் அது. பேத்தி ஓடி வருவதைக் கண்டதும் கோலைக் கீழே போட்டுவிட்டுக் கையை நீட்டியிருக்கிறார். அந்த நொடிக்காகத்தான் இந்தப் படம் சுவருக்குப் போகிறது. நானோ வானத்தைக் கறுப்பாக்கிக்கொண்டிருந்தேன்.

எடுத்த முடிவுகள்

இதன் பிறகு வேலையின் வரிசை மாறியது. நீட்டிய கை, ஓடிவரும் குழந்தை, கிடக்கும் கோல் ஆகிய மூன்றும் ஒரே பார்வையில் படிக்கப்பட வேண்டும். மற்றவை அவற்றுக்கு இடம் விட்டு ஒதுங்கி நிற்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

முதல் முடிவு ஸ்வெட்டரைப் பற்றியது. சிவப்பை ஏற்றி ஸ்வெட்டரை வெளிச்சமாக்குவதா, இறக்கி இருளாக்குவதா? இரண்டும் புல்லிலிருந்து அதைப் பிரிக்கும். ஏற்றிப் பார்த்தபோது ஸ்வெட்டரும் குழந்தையின் முகமும் ஏறத்தாழ ஒரே சாம்பலாகி, முகம் உடையோடு ஒட்டிக்கொண்டது. உதடுகள் வெளிறி முகத்தில் ரத்தம் இல்லாததுபோல் ஆனது. இறக்கியபோது இருண்ட உடைக்குமேல் வெளிச்சமான முகம் தெளிவாக நின்றது. ஆகவே இறக்கினேன். ஆனால் குளிர்காற்றில் குழந்தையின் கன்னங்கள் சிவந்திருந்தன. சிவப்பு இறங்கியதும் அவை அழுக்குத் திட்டுகள்போல் கறுத்தன. ஸ்லைடருக்கு நிறம் மட்டுமே தெரியும். அந்த நிறம் ஸ்வெட்டரில் இருக்கிறதா கன்னத்தில் இருக்கிறதா என்பது அதற்குத் தெரியாது. எனவே ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கறுப்பு வெள்ளை லேயர்கள் (அடுக்குகள்) அமைத்து, முகங்களுக்கும் கைகளுக்கும் வேறு அளவுகளும், மற்ற பகுதிக்கு வேறு அளவுகளும் கொடுத்து, எந்த அடுக்கு எங்கே தெரிய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் மாஸ்க்கால் பிரித்தேன். மாஸ்க்கின் விளிம்பைத் தலைமுடி ஓரத்தில் மென்மையாகவும் கழுத்துக்கும் ஸ்வெட்டருக்கும் இடையில் கூர்மையாகவும் வைக்க வேண்டியிருந்தது. இந்த ஓரங்களுக்குத்தான் மொத்த வேலையிலும் அதிக நேரம் செலவானது, அது வீண் செலவன்று.

இதே சிக்கல் கோலிலும் வந்தது. மனிதத் தோல் பெரும்பாலும் ஆரஞ்சு வரம்பில் இருக்கும். முகம் ஒளிர ஆரஞ்சை ஏற்றுவது வழக்கம். மரக்கோலும் அதே ஆரஞ்சு வரம்பில்தான் இருந்தது. முகத்துக்கு உதவிய ஏற்றம் கோலைப் புல்லின் சாம்பலுக்கு இணையாக உயர்த்தி மறைத்தது. இரண்டு லேயர்கள் இருந்ததால், முகத்தில் ஏற்றிய ஆரஞ்சைக் கோலில் இறக்க முடிந்தது. கோல் 91இலிருந்து 80 அளவுக்கு இறங்கியது.

அடுத்தது புல். பச்சை ஸ்லைடரை வலது கோடி வரை நகர்த்தியும் புல்சரிவில் பெரிய மாற்றம் தெரியவில்லை. மஞ்சளைத் தொட்டதும் சரிவு முழுவதும் அசைந்தது. வெயில் பட்ட புல்லும் இலையும் நாம் நினைப்பதைவிட மஞ்சளுக்கு நெருக்கமானவை. பச்சை என்று பெயரிட்ட ஸ்லைடரிலேயே போராடிவிட்டுப் பலர் கைவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். மஞ்சளை அளவாக ஏற்றிப் புல்லை 135 அருகில் நிறுத்தினேன். இப்போது 80இல் இருந்த கோலும், அதே அளவில் இருண்டிருந்த ஸ்வெட்டரும் புல்லின்மேல் தெளிவாகப் பிரிந்து, படத்தின் இரு ஓரங்களிலிருந்தும் ஒன்றுக்கொன்று பதில் சொல்வதுபோல் அமைந்தன. அதை நான் திட்டமிடவில்லை. கண்டவுடன் அப்படியே விட்டேன்.

வானத்துக்கு நீலத்தை இறக்கினேன், ஆனால் முதல் முயற்சியில் இறக்கியதில் மூன்றில் ஒரு பங்குதான். ரா கோப்பு அதற்குமேலும் தாங்கியிருக்கும். இருந்தாலும் வானம் கறுக்கக் கறுக்கப் பார்வை மேலே போய்விடுகிறது; இந்தப் படத்தில் அது கீழே, புல்லில் இருக்க வேண்டும்.

மலைகளின் மூட்டத்தை நீக்கும் கருவியையும் ஒரு முறை பயன்படுத்தி, திரும்ப எடுத்துவிட்டேன். குறைந்த அலைநீளம் கொண்ட நீல ஒளி காற்றில் அதிகம் சிதறுவதால்தான் தொலைவு வெளிறித் தெரிகிறது. நிறம் போன பிறகு ஆழத்தைச் சொல்ல எஞ்சியிருக்கும் முக்கியச் சான்று அந்த வெளிறல். அதை நீக்கியபோது மலைகள் மூதாட்டியின் தோளுக்குப் பின்னால் திரைச்சீலைபோல் வந்து ஒட்டிக்கொண்டன.

இறுதியாகக் கை. நீட்டிய கையின் உட்புறம் நிழலில் இருந்ததால் விரல்கள் ஏரி நீரின் சாம்பலோடு கலந்திருந்தன. 50 சதவீதச் சாம்பல் நிரப்பி, சாஃப்ட் லைட் முறையில் (கீழுள்ள படத்தை மென்மையாக வெளிச்சமாக்கவோ இருளாக்கவோ செய்யும் கலப்பு முறை) வைத்த ஒரு லேயரில், 6 சதவீத அடர்த்தியுள்ள மென்தூரிகையால் பலமுறை தடவி விரல்களை மெதுவாக வெளிச்சமாக்கினேன். விரல்களுக்குப் பின்னால் இருந்த நீரையும் அதே முறையில் ஒரு துளி இருளாக்கினேன். ஒரே சாம்பல் இருண்ட பின்னணியில் வெளிச்சமாகத் தோன்றும் என்பதால், கையை மட்டும் ஏற்றியிருந்தால் வேண்டியிருக்கும் அளவில் பாதியே போதுமானதாக இருந்தது. விரல்களில் தடவியது தெரியவில்லை. நகங்களும் மணிக்கட்டுச் சுருக்கங்களும் இயல்பாகவே இருந்தன.

அச்சில் நடந்தது

மேட் தாளில் எடுத்த முதல் அச்சு ஏமாற்றியது. திரையில் தெளிவாகத் தெரிந்த ஸ்வெட்டரின் பின்னல் மடிப்புகள் தாளில் ஒரே இருட்டாக வந்தன. பளபளப்புத் தாள் அளவுக்கு ஆழமான கறுப்பை மேட் தாள் தராது. ஆழ்நிழல்களுக்கு இடையிலான சிறு வேறுபாடுகள் அதில் எளிதில் ஒன்றாகிவிடும். என் பங்கும் இதில் இருந்தது: பகல் வெளிச்சத்தில் வேலை செய்வதற்காகத் திரையின் பிரகாசத்தை ஏற்றியிருந்தேன், இறக்க மறந்துவிட்டேன். திரை பொய் சொன்னதை நான் நம்பியிருக்கிறேன்.

திரையை வழக்கமான அளவுக்குக் கொண்டுவந்து, வெளிச்ச அளவுகளை மாற்றும் கோடான கர்வில், இருண்ட சாம்பல்களுக்கான கீழ்க் கால்பகுதியை மட்டும் சற்று உயர்த்தி, முழுப் படத்தையும் மறுபடி அச்சிடாமல், ஸ்வெட்டரும் கோலும் அடங்கிய பகுதிகளை மட்டும் 6 × 4 அங்குலத் துண்டுகளாக, மூன்று வெவ்வேறு வெளிச்ச அளவுகளில் அச்சிட்டுப் பார்த்தேன். மை உலர ஒரு மணி நேரம் விட்டு, சன்னலோரத்திலும் இரவு விளக்கிலும் அவற்றை அவருக்குக் காட்டினேன். அவர் நடுவில் இருந்ததைத் தேர்ந்தார். நான் தேர்ந்திருக்கக்கூடியது அதைவிட இருண்ட ஒன்று. ஆனால் படம் மாட்டப்படவிருந்த சுவரில் மாலைக்குமேல் வெளிச்சம் குறைவு என்பது அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது.

விளைவு

மூலக்கோப்பில் போதிய விவரம் இருந்ததால் அச்சை 18 × 12 அங்குலமாகவே எடுத்தோம். அந்த அளவிலும் அங்குலத்துக்கு 333 பிக்சல் கிடைத்தது. பழைய படங்களின் வெள்ளை சற்று மஞ்சள் பூத்திருந்ததால், புதிய படத்துக்கு மிக மெல்லிய வெதுமைச் சாயல் மட்டும் கொடுத்தேன். பழையதுபோல் காட்டும் செயற்கைக் கீறல்களையும் துகள்களையும் சேர்க்க வேண்டாம் என்று இருவரும் ஒப்புக்கொண்டோம்.

படத்தை முதலில் பார்த்த அவருடைய தாய், தம் முகத்தையோ பேத்தியையோ பற்றி ஒன்றும் சொல்லாமல், "கம்பு கீழே கிடக்கிறதே" என்று கேட்டதாகப் படத்துக்குச் சொந்தக்காரர் பிறகு தெரிவித்தார்.

அடுத்த முறை மாறுபவை

இனி எந்தப் படத்தையும் திறப்பதற்கு முன்பே இரண்டு கேள்விகளைக் கேட்பது என்று வைத்திருக்கிறேன்: கேமராவிலிருந்து நேராக எடுத்த கோப்பு இருக்கிறதா, படத்தில் எதைப் பார்க்க வேண்டும். இந்த இரண்டும் முதல் நாளே கேட்கப்பட்டிருந்தால் ஒரு நாள் வேலை மிச்சமாகியிருக்கும். அதைவிட, கோலை மறைத்த ஒரு பதிப்பை நான் பெருமையுடன் கொடுத்துவிடும் ஆபத்தும் இருந்திருக்காது.

மாற்றத்தைத் தொடங்குமுன், ஒன்றோடொன்று கலந்துவிடக் கூடாத இடங்களை இணை இணையாக அளந்து குறித்துக்கொள்கிறேன். இந்தப் படத்தில் அவை ஸ்வெட்டரும் புல்லும், கோலும் புல்லும், விரலும் நீரும், முகமும் உடையும். ஒவ்வொரு ஸ்லைடரை நகர்த்திய பிறகும் அந்த எண்களைத் திரும்பப் பார்க்கிறேன். ஒரு இணையைப் பிரிக்கும் மாற்றம் இன்னொரு இணையைச் சேர்த்துவிடுவது கண்ணுக்குத் தாமதமாகத்தான் தெரிகிறது. சோதனைத் துண்டு அச்சை முழு அச்சுக்கு முன்பே எடுக்கிறேன்.

அவருக்குச் சொன்னது ஒன்றுதான். கறுப்பு வெள்ளை மனத்தில் இருந்தால், கேமராவில் ரா பதிவை வைத்துக்கொண்டே திரைக் காட்சியை மட்டும் ஒற்றை நிறத்துக்கு மாற்றலாம். வண்ணத் தகவல் முழுவதும் கோப்பில் பத்திரமாக இருக்கும், எடுக்கும்போதே எது எதில் கரைகிறது என்பதும் தெரியும். அப்படிப் பார்த்திருந்தால் இரண்டு அடி இடப்பக்கம் நகர்ந்து, அந்தக் கோலை வெளிறிய பாறையின்மேல் விழும்படி எடுத்திருப்பேன் என்றார்.